“ஸ்கோப்புக்குள்ள ஆள் இருக்கு, அடிதான் படுதில்ல”: கேம் ஸ்னைப்பிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிற பொடியன்கள் போன் கைக்குத் திரும்பி வரும்வரை சும்மா இருக்கமாட்டார்கள். பக்கத்தில் யாராவது விளையாடினால் எட்டிப் பார்த்து அவனுக்குப் புத்தி சொல்வார்கள், அது எடுபடாவிட்டால் என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் பப்ஜி மொபைல்தான். கணினியில் வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களும் உண்டு. காத்தான்குடியில் இருந்து வந்தாலும் சரி, அக்கரைப்பற்றில் இருந்து வந்தாலும் சரி, கேள்வி ஒன்றாகத்தான் இருக்கிறது: தூரத்தில் நிற்கிறவனை ஸ்கோப்பால் பார்த்துச் சுடுவது, அதாவது ஸ்னைப்பிங். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். துப்பாக்கிகளின் இலக்கங்கள் அப்டேட்டில் கொஞ்சம் மாறலாம், கணக்குப் போடுகிற முறை மாறாது.

அண்ணன், ஸ்னைப்பிங் எண்டா எவ்வளவு தூரத்தில இருந்து?

கேமைப் பொறுத்தது. வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றில் மேப் சிறியது, 40, 50 மீட்டரே நீண்ட தூரம். பப்ஜியில் எரங்கல் மேப் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அங்கே 100 மீட்டரைத் தாண்டினால்தான் ஸ்னைப்பர் பேச்சே வரும்.

பழக வேண்டிய தூரம் 100 முதல் 300 வரை என்பது என் கருத்து. 500 மீட்டரில் ஒருவனை விழுத்திய வீடியோவை எல்லோரும் போடுகிறார்கள். அதற்கு முன் காற்றில் போன ரவுண்டுகளை யாரும் போடுவதில்லை.

குறி நெஞ்சிலதான் வெச்சன். அவனும் அசையாமத்தான் நிண்டான். ஏன் படல்ல?

கேம்களில் குண்டு இரண்டு விதமாக வேலை செய்யும். வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டிலும் பட்டனை அமத்திய கணமே குறி எங்கே இருக்கிறதோ அங்கே அடி விழும். குண்டு பறப்பது, கீழே இறங்குவது என்ற பேச்சே இல்லை. இதை ஹிட்ஸ்கேன் என்பார்கள். பப்ஜியில் குண்டு உண்மையாகவே பறந்து போகிறது. போகப் போகக் கீழே இறங்குகிறது, வேகமும் குறைகிறது. ஸ்கோப் 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். அந்தத் தூரத்தில் வைத்த இடத்தில் படும், அதற்கு அப்பால் வைத்த இடத்துக்குக் கீழே படும்.

இறக்கம் சீராகக் கூடுவதில்லை. பறக்கும் நேரம் இரண்டு மடங்கானால் இறக்கம் ஏறக்குறைய நாலு மடங்கு. அதனால்தான் 150 மீட்டரில் நன்றாகச் சுடுகிற ஒருவன் 300இல் காலடி மண்ணைக் கிளப்பிக்கொண்டிருக்கிறான். நீங்கள் ஆடும் கேம் எந்த வகை என்று தெரியாவிட்டால் ட்ரெயினிங்கில் மிகத் தூரத்துச் சுவர் ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். அடையாளம் உடனே, குறி வைத்த இடத்திலேயே வந்தால் ஹிட்ஸ்கேன். கொஞ்சம் பிந்தி, கீழே வந்தால் மற்றது.

அப்ப எவ்வளவு மேல வைக்கிற? ஒரு கணக்கு சொல்லுங்க.

ஒரே இலக்கத்தைச் சொல்லிவிட முடியாது, துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. ஸ்கோப்புக்குள் குறிக்குக் கீழே சிறிய கோடுகளோ புள்ளிகளோ இருக்கும். அவை அழகுக்குப் போட்டவை அல்ல. ட்ரெயினிங் க்ரவுண்டில் தூரம் குறிக்கப்பட்ட இலக்குகளில் 200, 300 என்று நின்று சுட்டு, எந்தக் கோட்டை இலக்கில் வைத்தால் படுகிறது என்று பாருங்கள். ஒரு துப்பாக்கி, ஒரு ஸ்கோப், இரண்டு தூரம். அவ்வளவை மனப்பாடம் செய்தால் போதும்.

எல்லாத் துப்பாக்கிக்கும் பட்டியல் எழுதி போன் கவரில் ஒட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்திருக்கிறேன். மெட்ச் நடக்கும்போது போனைத் திருப்பிப் பார்க்கவா போகிறான்?

தூரம் தெரிஞ்சாத்தானே கணக்கு. கண்ணால எப்பிடி அளக்கிற?

இதுதான் நல்ல கேள்வி. தவறுகிற சூடுகளில் பாதிக்கு மேல் கை நடுங்கித் தவறுவதாக எனக்குத் தெரியவில்லை. தூரத்தைப் பிழையாக எடுத்துக்கொண்டு, சரியான கையால் பிழையான இடத்தைச் சுடுகிறார்கள்.

நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலம் ஏறக்குறைய 288 மீட்டர் நீளம். ஒரு முனையில் நின்று மறுமுனையில் நிற்கும் ஆளைப் பாருங்கள். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அவர் அந்த நகத்தின் பாதி உயரம்கூட வரமாட்டார். கிட்டத்தட்ட 300 மீட்டர் என்றால் அதுதான். அதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தவன் “முந்நூறு மீட்டரில நிக்கிறான்” என்று வாய்க்கு வந்தபடி சொல்லமாட்டான். 100 மீட்டர் வேண்டுமானால் ஐந்து கிரிக்கெட் பிட்சை நீளவாக்கில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

கேமுக்குள் அளப்பது இன்னும் சுலபம். ஆள் நிற்கிற இடத்தில் மார்க் போட்டால் பப்ஜி மீட்டரைக் காட்டிவிடும். ஆனால் மார்க் போடுவதற்கு முன்னால் மனதுக்குள் ஓர் இலக்கம் சொல்லுங்கள், பிறகு மார்க்கைப் பாருங்கள். நேராகப் பார்க்கிறவனுக்குக் கண் பழகாது. மேப்பைப் பெரிதாக்கினால் வரும் சிறிய கட்டம் ஒவ்வொன்றும் 100 மீட்டர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஓடுறவனுக்கு எவ்வளவு முன்னால வைக்கிற?

பந்து மேலே எழும்பினால் பீல்டர் பந்தைத் துரத்தி ஓடமாட்டார், அது இறங்கப் போகிற இடத்துக்கு ஓடுவார். இங்கேயும் அதுதான் வேலை, செக்கனில் கால்வாசி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

பப்ஜியில் கார் 98, ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடுகிற ஸ்னைப்பர் துப்பாக்கி. அதன் குண்டு செக்கனுக்கு 760 மீட்டர் போகிறது. வெறுங்கையோடு முழு வேகத்தில் ஓடுகிற ஆள் செக்கனுக்குச் சுமார் 6.3 மீட்டர். 100 மீட்டரில் குண்டு போய்ச் சேர 0.13 செக்கன், அதற்குள் அவன் 80 சென்றிமீட்டர் நகர்ந்துவிடுவான். 200இல் ஒன்றரை மீட்டருக்கு மேல். 300இல் இரண்டரை மீட்டர். தோள் அகலம் அரை மீட்டர் என்று வைத்தால், 100இல் ஒன்றரை ஆள், 200இல் மூன்று ஆள், 300இல் ஐந்து ஆள் அகலம் முன்னால். கையில் துப்பாக்கி இருந்தால் ஓட்டம் கொஞ்சம் குறைவு, அதேநேரம் குண்டும் போகப் போக வேகம் குறையும். இரண்டும் ஓரளவு சரிக்கட்டிவிடும்.

இது நமக்குக் குறுக்கே ஓடுகிறவனுக்கான கணக்கு. சரிவாக ஓடினால் அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். நேராக நம்மை நோக்கி வந்தாலோ நம்மிடமிருந்து ஓடினாலோ முன்வைக்கவே தேவையில்லை, உயரம் மட்டும் பார்த்தால் போதும். வாகனம் வேறு கதை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் ஜீப் 200 மீட்டரில் உங்கள் குண்டு சேர்வதற்குள் கிட்டத்தட்ட 6 மீட்டர் நகர்ந்துவிடும். அதை விடுங்கள், நிறுத்தி இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

8எக்ஸ் கிடைச்சா 4எக்ஸ எறிஞ்சிரலாமா?

எறியாதீர்கள். 4எக்ஸ், 8எக்ஸ் என்பது ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பது. பாலத்தின் மறுமுனையில் நிற்பவர் 8எக்ஸில் 36 மீட்டரில் நிற்பது போலத் தெரிவார், 4எக்ஸில் 72 மீட்டரில் நிற்பது போல. பெரிதாகத் தெரிவது நல்லதுதான், ஆனால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், சுற்றுவட்டாரம் அதே மடங்கு சுருங்கும். 8எக்ஸுக்குள் கண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தவனிடம் அடி வாங்குகிற காட்சியைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

200 மீட்டர் வரை 4எக்ஸ் போதும். 6எக்ஸும் 8எக்ஸும் பெரிதாக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடியவை. ஆகவே ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்றால் நான் 6எக்ஸைச் சொல்வேன். குறைத்து வைத்துத் தேடுங்கள், ஆளைக் கண்ட பிறகு கூட்டுங்கள்.

யூடியூப்பில பெரிய ஆக்கள் போடுற சென்சி கோட் அப்பிடியே போடலாமா?

சென்சி என்பது விரலை நகர்த்தினால் குறி எவ்வளவு வேகமாக நகரும் என்ற செட்டிங், கோட் என்பது ஒருவருடைய செட்டிங்கை அப்படியே எடுத்துப் போடும் இலக்கம். போடலாம், ஆனால் அது அவர்களுடைய கைக்குத் தைத்த சட்டை. திரை அளவு வேறு, போன் வேறு, அவர் நாலு விரலால் ஆடுவார், நீங்கள் இரண்டு பெருவிரலால் ஆடுவீர்கள். வாரம் ஒரு கோட் மாற்றுகிறவனுக்கு எதுவும் கையில் பதியாது.

முதலில் எது எதற்கு என்று தெரிய வேண்டும். பப்ஜி மொபைலில் கேமரா சென்சி என்பது சுடாமல் திரையில் விரலை நகர்த்தும்போது வேலை செய்வது, ஸ்கோப் திறந்திருந்தாலும் அதுதான். ஏடிஎஸ் சென்சி என்பது சுட்டுக்கொண்டே விரலை நகர்த்தும்போது வருவது. ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனியாக வைக்கலாம். கார் 98 மாதிரி ஒவ்வொரு ரவுண்டாகச் சுடுகிற துப்பாக்கிக்கு முக்கியமானது கேமரா சென்சி. பலர் ஏடிஎஸ்ஸைக் கூட்டிக் குறைத்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 6எக்ஸைத் திறந்து ஓர் இலக்கின் மேல் குறியை வையுங்கள். கண்ணைப் பக்கத்து இலக்குக்குக் கொண்டுபோய், ஒரே இழுப்பில் குறியையும் அங்கே கொண்டுபோங்கள். எப்போதும் தாண்டிப் போனால் சென்சி கூட, எப்போதும் முன்னாலேயே நின்றால் குறைவு. ஐந்து ஐந்தாக மாற்றுங்கள். ஒருதரம் தாண்டியும் ஒருதரம் குறைந்தும் போகத் தொடங்கினால் செட்டிங் சரி, மிச்சம் பழக்கம்தான். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் தொடாதீர்கள். கணினியில் மவுஸுக்கும் இதே வழிதான்.

ஜைரோ பழகத்தான் வேணுமா?

ஜைரோ என்றால் போனைச் சரித்துக் குறியை நகர்த்துவது. கட்டாயம் இல்லை. ஆனால் தூரச் சூட்டுக்கு அது நல்ல துணை. விரலால் குறியைப் பக்கத்தில் கொண்டுபோய், கடைசி நூலிழையைப் போனைச் சரித்துச் சரிசெய்யலாம். ‘ஸ்கோப் திறக்கும்போது மட்டும்’ என்று வைத்துத் தொடங்குங்கள். முதல் சில நாள் முன்பை விட மோசமாகத்தான் ஆடுவீர்கள், அதற்குப் பயந்து விட்டவர்கள் நிறையப் பேர். பஸ்ஸில் போய்க்கொண்டு ஜைரோ வேலை செய்யவில்லை என்று போனைக் குறை சொல்லாதீர்கள். களுவாஞ்சிகுடி போய்ச் சேரும்வரை குறி ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

குறி சரியா நிக்குது. பயர் பட்டன அமத்தக்குள்ள துள்ளுது. இதுக்கு என்ன செய்ற?

கடைக்கு வரும் போன்களின் டெம்பர்ட் கிளாஸை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் யார் என்ன பிழை விடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். வலது பக்கம், பயர் பட்டன் இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் மங்கிப் போயிருக்கும். நல்ல கை என்றால் வட்டம் வட்டமாகவே இருக்கும். துள்ளுகிற கை என்றால் வட்டத்தில் இருந்து மேலே, அல்லது உள்பக்கம், ஒரு வால் நீண்டிருக்கும். பட்டனை அமத்தும்போது பெருவிரல் வழுக்கிப் போன தடம் அது. திரையில் இரண்டு மில்லிமீட்டர் வழுக்கினால் 300 மீட்டருக்கு அப்பால் குறி ஆளை விட்டே போய்விடும்.

காரணம் குறி பார்க்கிற விரலும் சுடுகிற விரலும் ஒன்றாக இருப்பது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். செட்டிங்கில் இடது பக்கமும் பயர் பட்டன் ஒன்றைப் போடலாம். அதை மேல் மூலைக்குக் கொண்டுபோய் இடது சுட்டுவிரலால் அமத்துங்கள். வலது பெருவிரல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பழக ஒரு வாரம் எடுக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடயத்தைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: போல்ட் துப்பாக்கிகளுக்கு ‘அமத்தினால் சுடு’, ‘விரலை எடுத்தால் சுடு’ என்று இரண்டு தெரிவு உண்டு. இரண்டாவதில் பட்டனைப் பிடித்தபடியே குறியை நகர்த்தி விரலை எடுக்கும்போது சுடலாம். வழுக்காமல் நேராக விரலைத் தூக்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்லது. கண்ணாடியில் வால் உள்ளவர்களுக்கு முதலாவதுதான் பாதுகாப்பு.

என்ட போன் பழசு. புதுசு வாங்கினாத்தான் அடி படுமா?

கடைக்காரன் நான் சொல்லக்கூடாது, ஆனால் தேவையில்லை. செக்கனுக்கு 60 ப்ரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 16.7 மில்லிசெக்கன், 90 என்றால் 11.1. அந்த வித்தியாசத்தை விட, 60 ஓடிக்கொண்டிருந்து நடுவில் 35க்கு விழுவதுதான் குறியைக் கெடுக்கும். கிராபிக்ஸை ஸ்மூத்தில் வையுங்கள், நிழலை நிறுத்துங்கள். எந்தக் கிராபிக்ஸிலும் தூரத்துப் புல் வரையப்படுவதில்லை. புல்லுக்குள் படுத்திருப்பதாக நினைக்கிறவன் உங்கள் ஸ்கோப்பில் வெறுந்தரையில் படுத்திருப்பான். இது உங்களுக்கும் பொருந்தும், புல்லை நம்பிப் படுக்காதீர்கள்.

வெக்கைதான் நமக்கு உண்மையான பிரச்சினை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் போன் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜில் போட்டபடி ஆடினால் இன்னும் மோசம். கவரைக் கழற்றுங்கள், முதலில் சார்ஜ் செய்துவிட்டு வயரைப் பிடுங்கிவிட்டு ஆடுங்கள். பெருவிரல் வியர்வைக்குப் பிங்கர் ஸ்லீவ் விற்கிறோம். முகப்பவுடர் துளியும் அதே வேலையைச் செய்யும், ஸ்பீக்கர் துவாரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிங் 120 காட்டுது. அதாலதான் படுதில்லையோ?

பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் மில்லிசெக்கன். அதனால் கொஞ்சம் இருக்கலாம், சொல்கிற அளவுக்கு இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் ஆள் எங்கே நின்றான் என்று சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்த்துத்தான் தீர்ப்பளிக்கும். அதனால் பிங்குக்காக என்று தனியாக முன்வைக்கத் தேவையில்லை. 120இல் நிலையாக நிற்கும் பிங், 50க்கும் 200க்கும் இடையில் துள்ளுகிற பிங்கை விட ஆடுவதற்கு நல்லது. நிலையானதற்குக் கை பழகிவிடும்.

செய்யக்கூடியவை: ஆடுவதற்கு நமக்குக் கிட்டிய சர்வரைத் தெரிவு செய்யுங்கள். வலோரன்டுக்கு மும்பையிலும் சிங்கப்பூரிலும் சர்வர் இருக்கிறது, இரண்டிலும் பிங்கைப் பார்த்து எடுக்கலாம். ரௌட்டர் உள்ள அறையிலேயே ஆடுவதென்றால் 5 கிகாஹேர்ட்ஸ் வைபை, கணினி என்றால் கேபிள். 4ஜி ரௌட்டரை அலுமாரிக்கு மேலே வைக்காமல் ஜன்னலுக்குக் கொண்டுவாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஊரே நெட்டில் இருக்கும்போது அவ்வளவுதான் செய்யலாம்.

தம்பி, மகன் நைட் டேட்டா வருமட்டும் முழிச்சிருந்து விளையாடுறான். கேட்டா பிரக்டிஸ் எண்டு சொல்றான்.

இது ஓர் அம்மா கேட்டது. நைட் டேட்டா என்பது நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் வேலை செய்கிற டேட்டா. நள்ளிரவுக்குப் பின்னால் செய்கிற பிரக்டிஸில் பிரயோசனம் குறைவு, அக்கா. தூக்கம் கெட்டால் முதலில் மந்தமாவது இந்த விளையாட்டுக்குத் தேவையான கண்ணும் கையும்தான். ட்ரெயினிங் க்ரவுண்டில் இருபது நிமிடம், பிறகு இரண்டு மெட்ச், அதற்குப் பெரிய டேட்டா போகாது. டேட்டாவைத் தின்பது அப்டேட் இறக்குவதும் வீடியோ பார்ப்பதும். அப்டேட்டை மட்டும் இரவில் இறங்க விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

வலோரன்டில ஒப்பரேட்டர் வாங்கினா நான்தான் முதல்ல சாகிறன். ஏன்?

கேம் காசில் 4700 கொடுத்து அந்த ஸ்னைப்பர் துப்பாக்கியை வாங்கிவிட்டு ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள், அதனால். அந்தத் துப்பாக்கி உடம்பில் பட்டாலே 150 சேதம், முழுக் கவசம் போட்டவனும் விழுவான். ஆகவே தலையைத் தேட வேண்டாம். ஆனால் நகரும்போது குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் ஏடபிள்யூபியும் அப்படித்தான், கால் தவிர மற்ற இடத்தில் ஒன்று போதும், ஆனால் நின்று சுட வேண்டும். வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் இடப்பக்கக் கீயை ஒரு தட்டுத் தட்டினால் உடனே நிற்பீர்கள். நின்ற பிறகு சுடுங்கள். ஸ்கோப் திறந்ததும் படம் மங்கலாக இருக்கிற அந்தச் சிறு நேரத்தில் சுட்டாலும் சிதறும்.

இன்னொன்று, ஆளைத் தேடிக் குறியைக் கொண்டுபோகாதீர்கள். மூலையில் இருந்து கொஞ்சம் தள்ளி, அவன் ஓடி வெளியே வரப்போகிற இடத்தில் குறியை வைத்துவிட்டுக் காத்திருங்கள். சுட்டதும், பட்டாலும் படாவிட்டாலும், மறைந்துவிடுங்கள்.

கார் 98 நல்லமா, மினி 14 நல்லமா?

ஹெல்மெட்டைப் பார்த்துச் சொல்லலாம். கார் 98, எம்24 இரண்டும் லெவல் 2 ஹெல்மெட்டோடு தலையில் பட்டால் ஒரே அடியில் விழுத்தும், லெவல் 3 என்றால் தப்பிவிடுவான். அதையும் உடைப்பது ஏடபிள்யூஎம், அது விமானம் போடுகிற ஏர்டிரொப் பெட்டியில்தான் வரும். ஹெல்மெட் போட்டவனை மினி 14 ஓர் அடியில் விழுத்தாது. ஆனால் அதன் குண்டு செக்கனுக்கு 990 மீட்டர் போகிறது. 300 மீட்டரில் ஓடுபவனுக்கு முன்வைக்கும் தூரம் இரண்டரை மீட்டரில் இருந்து இரண்டுக்கும் கீழே குறைந்துவிடும், தவறினால் உடனே அடுத்ததைச் சுடலாம்.

தூரத்தைக் கணிக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறவனுக்கு மினி 14. முதல் ரவுண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டாவதைத் திருத்தலாம். கார் 98இல் திருத்துவதற்குள் அவன் மரத்துக்குப் பின்னால்.

ஸ்கோப்பில ஆள் தெளிவா தெரியுது, சுட்டா எனக்கு முன்னால இருக்கிற கல்லில படுது!

பப்ஜியில் குண்டு கண்ணில் இருந்து போகாது, குழல் நுனியில் இருந்துதான் போகும். கண் கல்லுக்கு மேலே, குழல் கல்லுக்குக் கீழே இருந்தால் இப்படி நடக்கும். தடை இருந்தால் திரையில் பெருக்கல் அடையாளம் காட்டும், அதைக் கவனியுங்கள். கொஞ்சம் எழும்புங்கள், அல்லது கல்லை விட்டு ஓரடி பின்னுக்கு வாருங்கள். சுவரோரத்தில் என்றால் உடம்பைச் சரித்து எட்டிச் சுடும் பட்டனைப் பயன்படுத்துங்கள், ஆனால் துப்பாக்கி வலது தோளில் இருப்பதால் வலப்பக்கம் எட்டுவதே வசதி.

ஒரு சூடுதான் அடிச்சன், உடனே என்னையக் கண்டுபிடிச்சிட்டானுகள்.

மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னால் வைத்து நின்றிருப்பீர்கள். உச்சியை விட்டுக் கொஞ்சம் கீழே, பின்னால் மண்ணோ மரமோ இருக்கிற மாதிரி நில்லுங்கள். ஓர் இடத்தில் இரண்டு சூட்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த இடத்தை முதல் சூட்டுக்கு முன்னாலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

எங்கட ஊரில கேட்ட வெடிச் சத்தம் போதாதா? இதையும் விளையாட்டெண்டு வெச்சிருக்கிறீங்களே.

சார்ஜர் வாங்க வந்த ஒரு பெரியவர் கேட்டார். கேட்டதில் பிழை இல்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பொடியன்களுக்கு நான் சொல்வது, வீட்டில் ஸ்பீக்கரில் போடாதே, ஹெட்போன் போடு. கேமுக்கும் அது நல்லது, சத்தம் எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியும்.

ஆட்களைச் சுடாமலே இந்தத் திறமையைப் போட்டியாக நடத்தலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பப்ஜி மொபைலுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதற்கென்று செய்த பதிப்பில் அணிகள் ஒன்றை ஒன்று சுடவில்லை, ஓடிப்போய் இலக்குகளைச் சுட்டன. பெரியவர் அதைக் கேட்டுவிட்டுச் சார்ஜரின் விலையைக் குறைக்கச் சொன்னார்.

ட்ரெயினிங்கில பத்துக்கு எட்டு படுது. மெட்சில பத்துக்கு ஒண்டும் இல்ல. எனக்கு என்ன பிரச்சின?

ட்ரெயினிங்கில் தூரம் எழுதியிருக்கிறது, இலக்கு நிற்கிறது, உங்களை யாரும் சுடவில்லை. மெட்சில் மூன்றும் தலைகீழ். உங்கள் கையில் கோளாறு இல்லை, தெரிவில்தான் கோளாறு. ஓடுகிறவன், வாகனத்தில் போகிறவன், புகைக்குள் நிற்கிறவன் என்று தெரிகிற எல்லோரையும் சுடுகிறீர்கள்.

ஒரு வாரம் இப்படி ஆடிப் பாருங்கள். நிற்கிறவனை மட்டும் சுடுங்கள். சாமான் பொறுக்குகிறவன், மருந்து போடுகிறவன், கதவைத் திறக்கிறவன், சுட்டுவிட்டு ரவுண்டு மாற்றுகிறவன். ஓடுகிறவனைக் குறியால் பின்தொடருங்கள், ஆனால் சுடாதீர்கள். எல்லோரும் எங்கோ ஒரு இடத்தில் நிற்பார்கள். அவன் ஓடுகிற நேரம் நீங்கள் தூரம் கணிக்கிற நேரம். சுடுகிற எண்ணிக்கை பாதியாகக் குறையும், விழுகிற ஆட்கள் குறையமாட்டார்கள்.

டோர்னமென்டுக்குப் போறம். ஸ்குவாட்டில தனியா ஸ்னைப்பர் ஒருத்தன் தேவையா?

தூரத்தில் ஒருவனை விழுத்துவது மட்டும்தான் அவன் வேலை என்றால் தேவையில்லை. பப்ஜியில் ஸ்குவாட்டில் விழுந்தவன் உடனே சாகமாட்டான், கூட்டாளி அவனைத் தூக்கிவிட 10 செக்கன்தான். 200 மீட்டரை ஓடிக் கடக்க உங்கள் ஆட்களுக்கு 30 செக்கனுக்கு மேல். அவர்கள் போய்ச் சேருவதற்குள் விழுந்தவன் எழும்பி மருந்தும் போட்டிருப்பான். ஆகவே வாகனம் தயாராக இருக்கும்போது சுடுங்கள், அல்லது மற்ற மூவரும் 80, 100 மீட்டருக்குள் போன பிறகு சுடுங்கள். மிச்ச நேரத்தில் ஸ்னைப்பரின் வேலை வாய் வேலை: எத்தனை பேர், எந்தப் பாகை, எத்தனை மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருப்பது.

விழுத்திய பிறகு, விழுந்தவனையே திரும்பத் திரும்பச் சுடுகிற பழக்கத்தை விடுங்கள். குறியை அவனுக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருங்கள். தூக்க வருகிறவன் அந்த 10 செக்கனும் குந்தியபடி அசையாமல் இருப்பான், தூரமும் முதல் சூட்டிலேயே தெரிந்துவிட்டது. புகைக்குண்டு போட்டார்கள் என்றால் புகைக்குள் சுட்டு ரவுண்டை வீணாக்காமல், அது கலைவதற்குள் நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.